பிளக்கைக் கழற்றினால் 2019-க்குப் போகும் கணினி: பேட்டரியை மாற்றித் தரக் கோரி புகார்

அனுப்புநர்:
ரப்பர் ஷீட் வியாபாரி,
குலசேகரம், கன்னியாகுமரி மாவட்டம்.

பெறுநர்:
மேலாளர் அவர்கள்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

பொருள்: வாரண்டியில் உள்ள டெஸ்க்டாப்பில் தேதியும் நேரமும் நிற்காதது.

ஐயா,

கடையில் பில் போட உங்கள் நாகர்கோவில் கிளையில் புது டெஸ்க்டாப் வாங்கினேன். வாரண்டி இன்னும் முடியவில்லை. ஆனால் பிளக்கைக் கழற்றி மாட்டினால் போதும், கணினி 2019 ஜனவரி 1, செவ்வாய்க்கிழமைக்குப் போய் நிற்கிறது.

பிளக்கை ஏன் கழற்றுகிறீர்கள் என்று உங்கள் சர்வீஸ் ஆள் போனில் கேட்டார். ஐப்பசியில் ஒருநாள் மதியத்துக்கு மேல் அவரை இங்கே வந்து பார்க்கச் சொல்லுங்கள். மலைப்பக்கம் இருட்டிக்கொண்டு வந்து இடி முழங்கத் தொடங்கினால் டிவி, மோடம், கணினி என்று எல்லாப் பிளக்கையும் பிடுங்கிப் போடுவதுதான் எங்கள் ஊர் வழக்கம். பிடுங்காமல் விட்டு மின்னலில் போர்டு கருகினால் வாரண்டி கிடையாது என்று உங்கள் அட்டையிலேயே போட்டிருக்கிறதே!

பிளக் மாட்டியிருக்கும்வரை, அணைத்து வைத்தாலும் மதர்போர்டுக்குக் கொஞ்சம் கரண்ட் போகும், உள்ளே கடிகாரம் ஓடும். கழற்றிவிட்டால் அதை ஓட்டவேண்டியது சிஆர்2032 என்ற 3 வோல்ட் பட்டன் பேட்டரி. சில வருடமாவது தாங்கவேண்டிய சாமான் அது. புதுக் கணினியில் இதற்குள் தீர்ந்துவிட்டது என்றால், போட்டுத் தந்ததே பழைய பேட்டரியோ என்றுதான் நினைக்கத் தோன்றுகிறது.

தேதிதானே, கையால் மாற்றிக்கொள்ளலாமே என்பீர்கள். ரப்பருக்கு அன்றன்றைக்கு விலை. காலையில் கோட்டயம் விலை பார்க்க ரப்பர் போர்டின் தளத்தைத் திறந்தால், தேதி தப்பாக இருப்பதால் பிரவுசர் ‘இணைப்பு பாதுகாப்பானதல்ல’ என்று தடுக்கிறது. பில் மென்பொருளோ 2018-19 கணக்கு வருடத்துக்குப் போய் ஒன்றாம் நம்பரிலிருந்து தொடங்குகிறது. அவசரத்தில் அப்படியே அச்சடித்துக் கொடுத்த பில்லைப் பார்த்து, ஷீட் கொண்டுவந்த அக்கா, “என்ன அண்ணே, 2019 விலையிலயா எனக்குப் பைசா தரப் போறீங்க?” என்று கேட்டார். கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த பில்களை ரத்து செய்து திரும்பப் போட்டு, ஆடிட்டருக்கும் விளக்கம் சொல்லவேண்டியிருந்தது.

நீங்கள் அனுப்பிய பையனும் வந்தார். கேபினட்டைத் திறக்கவே இல்லை. தேதியையும் நேரத்தையும் கையால் திருத்தி, ‘இனி இன்டர்நெட்டிலிருந்து தானாக எடுத்துக்கொள்ளும்’ என்று அதையும் ஆன் செய்துவிட்டுப் போனார். நேர மண்டலம் அமெரிக்கப் பசிபிக் நேரத்தில் கிடந்ததை அவர் கவனிக்கவில்லை. அப்புறம் என்ன, இணையத்தோடு ஒத்துப்போனதும் மதியம் 3 மணி விடியற்காலை இரண்டரை ஆகிவிட்டது. அதை யுடிசி +5:30, சென்னை, கொல்கத்தா, மும்பை, புதுடெல்லி என்று நானே மாற்றிக்கொண்டேன். ஆனால் பேட்டரிக்கு என் கை எட்டாது. பக்கவாட்டு மூடியில் நீங்கள் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர் கிழிந்தால் வாரண்டி போய்விடுமாம். எந்தக் கடையிலும் கிடைக்கிற சின்ன பேட்டரிக்காக கேபினட்டைத் தூக்கிக்கொண்டு நாகர்கோவிலுக்கு வா என்கிறீர்கள். அன்று முழுக்க என் கடையில் யார் பில் போடுவது?

ஆகவே, ஆளை அனுப்பி என் கடையிலேயே, என் கண்முன் புது பேட்டரி போட்டு, பிளக்கைக் கழற்றி மாட்டிக் காட்டவேண்டும். அது முடியாது என்றால், நானே உள்ளூர் மெக்கானிக்கை வைத்து மாற்றிக்கொள்கிறேன். ஸ்டிக்கரைக் கிழித்தாலும் வாரண்டி தொடரும் என்று எழுத்தில் கொடுங்கள். போனில் சொல்வது போதாது.

இரண்டும் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிவு செய்துவிட்டு, நாகர்கோவில் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். பில் நகல், வாரண்டி அட்டை, 2019 என்று காட்டும் திரையின் படம் மூன்றையும் இத்துடன் வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்