ஓடு பிரிக்கும் முன்

மன்னார்குடி,
மாசி மாதம்.

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் கிடைத்தது. வீட்டுக் கூரை ஓட்டைப் பிரித்து மாற்றும் முன் என்னென்ன செய்ய வேண்டும் என்று கேட்டிருந்தாய். வாட்ஸ்அப்பில் கேட்டிருந்தால் ரெண்டு வரியில் முடித்திருப்பேன். நாலு பக்கம் எழுதிக் கேட்டாய், நானும் நாலு பக்கம் எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

இங்கே எல்லோரும் சௌக்கியம். வலது கண்ணில் புரை எடுத்தாகிவிட்டது. தெருக்கோடியில் வருபவர் யார் என்று இப்போது தெரிகிறது. சிலரைப் பார்த்து உள்ளே போய்விட அது வசதியாகவும் இருக்கிறது. சம்பா அறுத்தாயிற்று. மகசூல் மோசமில்லை, ஈரப்பதம் என்று சொல்லித்தான் இழுத்தடித்தார்கள். மகள் பேரனைக் கூட்டிக்கொண்டு சித்திரையில் வருகிறாள். உன் அக்காவுக்கு முழங்கால் எப்படி இருக்கிறது என்று நீ எழுதவே இல்லை.

சரி, வீட்டு விஷயத்துக்கு வருவோம். ஆசாரி பங்குனியில் வருவதாகச் சொல்லியிருக்கிறார் என்றாய். நல்ல சமயம். அறுவடை முடிந்து ஆள் கிடைக்கும், கத்திரி வெயிலும் ஆரம்பித்திருக்காது. ஆனால் அவர் ஏணி வைக்கிற அன்றைக்கு நீ வேலையை ஆரம்பித்தாய் என்றால் தொலைந்தாய். கூரை வேலையில் பாதி தரையில்தான் இருக்கிறது, அதுவும் ஆசாரி வருவதற்கு முன்னால். எங்கள் வீட்டு ஓட்டை மாற்றியபோது அவர் கேட்ட முதல் கேள்வியே, "ஐயா, பிரிச்ச ஓட்டை எங்கே அடுக்கப் போறீங்க?" என்பதுதான்.

அதை லேசாக நினைக்காதே. சீமை ஓடு, அதாவது மங்களூர் ஓடு, ஒன்று இரண்டரை கிலோவுக்குக் குறையாது. நூறு சதுர அடிக்கு நூற்றைம்பது ஓடு என்று வைத்துக்கொள். உன் வீட்டு முன்கட்டில் மட்டும் ஆயிரத்துக்கு மேல் இருக்கும், அதாவது மூன்று டன்னுக்குப் பக்கம். அவ்வளவையும் திண்ணையில் ஏற்றி வைத்தால் திண்ணை இருக்காது. கொல்லையில் கெட்டித் தரையாகப் பார்த்து, அடியில் ரெண்டு பனஞ்சட்டம் போட்டு, ஓட்டைச் செங்குத்தாகச் சாய்த்து வரிசையாக நிறுத்தச் சொல். படுக்கப்போட்டு அடுக்கினால் அடியில் இருப்பது நொறுங்கும்.

இதில் உனக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது. கஜா புயல் அடித்த ராத்திரி, 2018 நவம்பர் 16, உன் வீட்டு மேலண்டைச் சரிவு மொத்தமும் பறந்ததே, அப்புறம் அவசரத்துக்குக் கிடைத்த ஓட்டையெல்லாம் பொறுக்கிப் போட்டாய். அன்றைக்கு வேதாரண்யம் பக்கத்தில் யாருக்கும் வேறு வழியில்லை. ஆனால் அன்று முதல் அந்தப் பக்கம் ஒழுகுவதற்குக் காரணம் அதுதான் என்று நினைக்கிறேன். ஒவ்வொரு கம்பெனி ஓட்டுக்கும் நீள அகலம் கொஞ்சம் வித்தியாசப்படும், விளிம்பில் இருக்கிற வரியும் பள்ளமும் வேறாக இருக்கும். ஒரு கம்பெனி ஓட்டின் பள்ளத்தில் இன்னொரு கம்பெனி ஓட்டின் வரி சரியாக உட்காராது. பார்வைக்கு மூடினாற்போல இருக்கும், காற்றோடு சேர்ந்து சாரல் அடித்தால் உள்ளே வந்துவிடும். எத்தனை தடவை சிமெண்டு பூசினாலும் நிற்காது.

அதனால் பிரிக்கும்போதே முத்திரை பார்த்துத் தனித்தனியாக அடுக்கு. ஒவ்வொரு ஓட்டின் அடியிலும் கம்பெனிப் பேர் இருக்கும். உன் தாத்தா காலத்து ஓட்டில் பாசல் மிஷன் என்று இருந்தாலும் இருக்கும், கூடவே 1865 என்று போட்டிருந்தால் வீடே அந்த வருஷத்தது என்று பேரப்பிள்ளைகளிடம் அளந்துவிடாதே. ஜெர்மன்காரர் பிளெப்ஸ்ட் மங்களூரில் அந்த மிஷனுக்காக ஓட்டுத் தொழிற்சாலை ஆரம்பித்த வருஷம் அது. முதல் உலகப் போரை ஒட்டி அந்தக் கம்பெனி கைமாறி, பிறகு காமன்வெல்த் என்ற பேரில் ஓடு வந்தது. எது எப்படியோ, அந்தப் பழைய ஓட்டை யாருக்கும் விற்றுவிடாதே. ஒவ்வொன்றாகத் தூக்கி விரல் முட்டியால் தட்டிப்பார். கணீரென்று கேட்டால் அது உன் பேரனுக்கும் வரும். டொக்கென்று கேட்டால் உள்ளே விரிசல், ஒதுக்கிவிடு. தேங்காய் நாரால் தேய்த்துப் பாசியை எடுத்தால் போதும், ஆசிட் கீசிட் எதுவும் வேண்டாம். முன்சரிவுக்கு ஒரே முத்திரை, பின்சரிவுக்கு ஒரே முத்திரை என்று பிரித்துக்கொண்டால் புது ஓடு எவ்வளவு வாங்க வேண்டும் என்பது தானாகத் தெரிந்துவிடும். ஓடு உட்காருகிற ரீப்பர் சட்டத்தை அடிக்கும் முன் அந்தந்தச் சரிவில் எந்த ஓடு ஏறப்போகிறதோ அதிலேயே நாலைந்தைக் கோத்துப் பார்த்து இடைவெளி குறிக்கச் சொல். ஆசாரி "வழக்கமா இவ்வளவுதாங்க" என்பார். தலையாட்டிவிட்டு ஓட்டைக் கையில் கொடு.

பையன் கலர் ஷீட் போடலாம் என்கிறானாமே. மாட்டுக்கொட்டகைக்குப் போடட்டும். கூடத்துக்கு மேல் வேண்டாம். வெயிலில் கொதிக்கும், மழையில் பேசுவது காதில் விழாது என்பதெல்லாம் இருக்கட்டும். உங்கள் ஊரில் உப்பளக் காற்று. எங்கள் சித்தப்பா வீட்டில் ஷீட் நன்றாகத்தான் இருந்தது, ஸ்குரு அடித்த ஓட்டையைச் சுற்றித் துரு பிடித்து அங்கிருந்து ஒழுக ஆரம்பித்தது. ரீப்பருக்கு இரும்புக் குழாய் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். மன்னார்குடியில் போடலாம், உங்கள் பக்கத்துக்கு நான் மரம்தான் சொல்வேன். பணம் உன்னுடையது, முடிவும் உன்னுடையது.

மரத்தை இப்போதே பார்த்துவிடு, ஓடு பிரித்த பிறகு பார்க்கிற காரியமில்லை இது. ஒரு ஸ்குருடிரைவரை எடுத்துக்கொண்டு பரணில் ஏறு. நீ ஏறாதே, பையனை ஏறச் சொல். உத்திரத்தின் நடுவில் குத்திப் பார்த்துப் பயனில்லை, அங்கே எப்போதும் நன்றாகத்தான் இருக்கும். சுவருக்குள் நுழைகிற இடத்தில் குத்தச் சொல். ஈரமும் கரையானும் அங்கேதான் முதலில் கைவைக்கும். அரை அங்குலத்துக்கு மேல் இறங்கினால் ஆசாரியை உடனே கூப்பிட்டுக் காட்டு, மரம் அறுத்துக் காய்வதற்கு நாள் வேண்டும். சரிவாக இறங்குகிற கைமரத்துக்குக் கீழே தரையில் மாவு மாதிரி உதிர்ந்திருந்தால் அது உளு, மரத்தைத் துளைக்கிற பூச்சியின் வேலை. உன் பின்கட்டில் இருப்பது பனங்கை, அதாவது பனைமரக் கைமரம், வைரம் பாய்ந்த கறுப்பு மரம், அதை எதுவும் அசைத்திருக்காது. வெளுப்பாக இருப்பதைச் சந்தேகப்படு. பிரித்த கையோடு மரத்துக்கு முந்திரிக்கொட்டை எண்ணெய் அடிப்பார்கள். நல்லதுதான். ஆனால் அது மேலே பட்டால் தோல் கொப்பளித்துவிடும். அடிக்கிற பையனுக்கு ரப்பர் கையுறை நீயே வாங்கி வை, அவர்களாக வாங்க மாட்டார்கள்.

வீட்டைக் காலி செய்வதுதான் பெரிய பாடு. ஓட்டை ஒரு வரிசை நகர்த்தியதும் அறுபது வருஷத்து ஒட்டடையும் அடுப்புக் கரியும் அணில் கூட்டு நாரும் கொட்டும் பார், கூடத்தில் எதிரே நிற்பவரின் முகம் தெரியாது. பரணில் இருக்கிற அண்டா, கொப்பரை, உடைந்த ரேடியோ, உன் அப்பாவின் கணக்கு நோட்டு எல்லாம் முதலில் இறங்க வேண்டும். உன் அம்மாவை வைத்துக்கொண்டு இறக்கு. இல்லாவிட்டால் எதைத் தூக்கிப்போட்டாய் என்று ஆயுசுக்கும் கேட்பார்கள். எங்கள் வீட்டில் அப்படி இறக்கும்போதுதான் தாத்தாவின் வெற்றிலைச் செல்லம் கிடைத்தது, உள்ளே பாக்குவெட்டியோடு.

பத்தாயத்தை அப்படியே தூக்கப் பார்க்காதீர்கள், அது வாசற்படியில் நுழையாது. நெல்லை எடுத்துவிட்டு அடுக்கடுக்காகக் கழற்றலாம், கழற்றும்போது சாக்பீஸால் ஒன்று இரண்டு என்று போட்டுவிடு. பீரோவும் கட்டிலும் நகராது என்றால் அறை நடுவுக்குத் தள்ளி, முதலில் பழைய வேட்டி, அதற்கு மேல் தார்ப்பாய் என்று மூடு. ஊஞ்சல் சங்கிலியைக் கழற்று. சாமி படங்களைப் பக்கத்து வீட்டில் வை. கிணற்றை மறந்துவிடாதே. முற்றத்துக்குப் பக்கத்திலேயே கிணறு, ஓட்டுச் சில்லு அத்தனையும் உள்ளே போகும். பலகை போட்டு மேலே படுதா கட்டு.

சாமி படம் வைக்கப் போகிறபோதே பக்கத்து வீட்டுக்காரரிடம் இன்னொன்றும் பேசிவிடு. ரெண்டு வீட்டுக்கும் நடுவில் இருப்பது பொதுச்சுவர், அதன் மேல் ஓடுகிற தகர வாரியில்தான் ரெண்டு கூரைத் தண்ணீரும் விழுகிறது. நீ உன் பக்கம் மட்டும் மாற்றி, வாரியை அப்படியே விட்டால் அடுத்த ஐப்பசியில் சண்டை நிச்சயம். வாரித் தகரத்தை அவரும் பாதிச் செலவு போட்டு மாற்றச் சம்மதித்தால் நல்லது. இல்லாவிட்டாலும் நீயே முழுதும் போட்டுவிடு என்பேன். முற்றத்து மூலை வாரி நாலும் அதே தகரக்காரரிடம் அளவு கொடுத்து முன்பே செய்து வாங்கி வை. அவர் கேட்ட நாளில் கொடுத்ததாகச் சரித்திரம் இல்லை.

மின்வாரியத்தில் ஒரு கடிதம் கொடுத்துவிடு. வீட்டுக்கு வருகிற ஒயர் கூரையை உரசிக்கொண்டு போகிறது, வேலை நடக்கும்போது அதில் மின்சாரம் இருக்கக் கூடாது. ஓட்டுக்கு அடியில் எலி இருந்தால் சாரையும் இருக்கும், பிரிக்கிறவர்களுக்குத் தெரியும், அவர்கள் பாடு. குருவிக் கூட்டில் குஞ்சு இருந்தால் மட்டும் அந்த மூலையைக் கடைசியாக வைத்துக்கொள்ளச் சொல்.

பிரிக்கிற முறையில் நீ கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு நிற்க வேண்டிய இடம் ஒன்றுதான். ஒரு சரிவை முழுக்கப் பிரித்துவிட்டு அடுத்ததற்குப் போக விடாதே. பாரம் ஒரே பக்கம் இருந்தால் மரச்சட்டம் சாயும். முகட்டிலிருந்து ரெண்டு பக்கமும் சமமாக இறங்கி வர வேண்டும். சாயங்காலம் ஆசாரி கிளம்பும் முன் சுவர்த் தலையை மூடிவிட்டுத்தான் போக வேண்டும். உன் வீடு மண் சுவர், மேலே காரை பூசியிருக்கிறது, அவ்வளவுதான். தலையில் ஒரு மழை இறங்கினால் சுவர் கரைந்து வரும்.

அம்மாவை அந்த நாட்களில் உன் அக்கா வீட்டுக்கு அனுப்பு. அந்தத் தூசி அவர்கள் நெஞ்சுக்கு ஆகாது. போக மாட்டேன் என்பார்கள். "ஓடு பிரிக்கிற அன்னிக்குக் காலையில வந்து பார்த்துட்டுப் போங்க, முகட்டு ஓடு வைக்கிற அன்னிக்கு மறுபடி வாங்க" என்று சொல்லிப் பார். முகட்டு ஓடு வைக்கிற அன்றைக்கு ஆசாரிக்கு வேட்டி துண்டு கொடுப்பதை அவர்கள் கையால் கொடுக்கச் சொன்னால் சம்மதிப்பார்கள்.

தார்ப்பாய் வாங்கிவிடாதே. கனமான சில்பாலின் ரெண்டு என்னிடம் சும்மா கிடக்கிறது. ஒவ்வொன்றும் முப்பதுக்கு நாற்பது அடி. கூடத்துக்கும் முற்றத்துக்கும் அது எட்டுமா என்று அளந்து எழுது. போதாது என்றால் தம்பி வீட்டில் இருப்பதையும் சேர்த்து, பங்குனி பிறப்பதற்குள் வேதாரண்யம் பஸ்ஸில் ஏற்றிவிடுகிறேன். கயிறு நீ வாங்கிக்கொள்.

உன்,
கடைசி பெஞ்சுக்காரன்