பகல் பட்டினியும் பதினோரு மணிப் பசியும்

அன்பு மகன் கதிருக்கு,

அம்மா எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை போனில் உன் ராத்திரிச் சாப்பாட்டைப் பற்றி நீ அவ்வளவு சொன்னதற்கு "சரி ஐயா, தூங்கு" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். பக்கத்தில் உன் சித்தப்பா உட்கார்ந்திருந்தார். அவர் காதில் விழுந்தால் மறுநாள் கோவில்பட்டி முழுக்கத் தெரிந்துவிடும். அதோடு, போனில் பேசினால் நான் தாயாகவும் இல்லாமல் நர்ஸாகவும் இல்லாமல் இரண்டுங்கெட்டானாகப் பேசுவேன். எழுதினால் கொஞ்சம் நிதானம் வரும்.

நர்ஸ் கேட்க வேண்டியதை முதலில் கேட்டுவிடுகிறேன். சாப்பிட்ட பிறகு விரலை விட்டு வாந்தி எடுக்கிறாயா? பேதி மாத்திரை போடுகிறாயா? வெட்கப்படாமல் பதில் சொல். அப்படி இருந்தால் அது வேறு நோய். இரத்தத்தில் பொட்டாசியம் இறங்கி இதயத் துடிப்பையே குலைத்துவிடும், பல்லும் அரித்துப்போகும். நாள் கடத்தாமல் டாக்டரிடம் போக வேண்டும். இல்லை என்றால் நல்லது, மேலே படி.

நீ சொன்னதிலிருந்து எனக்குப் புரிந்தது இது. இரவு 11 மணிக்கு வேலை முடிகிறது. அறைக்கு வரும்போதே இரண்டு பேருக்கான பிரியாணியும் பரோட்டாவும் ஐஸ்கிரீமும் வாசலுக்கு வந்துவிடுகின்றன. சட்டையைக்கூட மாற்றாமல், நின்றபடியே, செல்போனைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுகிறாய். பாதிக்கு மேல் ருசி தெரிவதில்லை, கை மட்டும் நிற்பதில்லை என்றாய். பிறகு காலி டப்பாக்களைப் பையில் கட்டி, உன் வாசலில் வைக்காமல் தெருமுனைத் தொட்டியில் போட்டுவிட்டு வருகிறாய். நீ சாப்பிட்டதைக் கேட்டபோது எனக்கு ஒன்றும் ஆகவில்லை. அதை ஒளித்ததைக் கேட்டபோதுதான் வயிற்றைப் பிசைந்தது.

இதற்கு மருத்துவத்தில் பிஞ்ச் ஈட்டிங் டிஸ்ஆர்டர் என்று பெயர் இருக்கிறது. ஆல்பர்ட் ஸ்டங்கார்டு என்ற அமெரிக்க மனநல மருத்துவர் 1959-லேயே இதைப் பற்றி எழுதிவிட்டார். ஆனால் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் தன் கையேட்டில் இதைத் தனி நோயாக ஒப்புக்கொண்டது 2013-இல்தான். வாரத்துக்கு ஒருமுறையாவது, மூன்று மாதம் தொடர்ந்து, நிறுத்த முடியாமல் அளவுக்கு மீறிச் சாப்பிடுவது. அவசர அவசரமாக, பசி இல்லாதபோதும், யாரும் பார்க்காமல் சாப்பிடுவது. பிறகு தன்மேலேயே அருவருப்புக் கொள்வது. நீ சொன்னதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை. முடிவு சொல்ல வேண்டியது டாக்டர், நான் இல்லை.

"நான் சாப்பாட்டுக்கு அடிமையாகிவிட்டேன் அம்மா" என்றாயே, அந்தக் கையேட்டில் அப்படி ஒரு நோய் கிடையாது. ஆராய்ச்சியாளர்களுக்குள் இது தீராத சண்டை. சர்க்கரையும் கொழுப்பும் சேர்த்துச் செய்த பண்டங்கள் போதைப்பொருளைப் போலவே மூளையைப் பிடிக்கின்றன என்று ஒரு சாரார் சொல்கிறார்கள். யேல் பல்கலைக்கழகத்தில் 2009-இல் அதை அளக்க ஒரு கேள்வித்தாளே தயாரித்தார்கள். பட்டினி கிடந்ததன் விளைவையும் சேர்த்துப் போதை என்று எழுதிவிடாதீர்கள் என்கிறார்கள் மறு சாரார். உன் விஷயத்தில் நான் இரண்டாவது கட்சி. அடிமை என்று முடிவு கட்டிவிட்டால் அடுத்து என்ன செய்வாய்? இன்னும் கடுமையாக விலக்கு வைப்பாய். சாராயத்தை ஒரேயடியாக விடலாம், சோற்றை விட முடியுமா?

இரவுக் கதையை அவ்வளவு விவரமாகச் சொன்ன நீ, பகலில் என்ன சாப்பிடுகிறாய் என்பதை நான் கேட்ட பிறகுதான் சொன்னாய். காலையில் பால் இல்லாத காபி. மத்தியானம் ஒரு கிண்ணம் வெள்ளரியும் முட்டைக்கோஸும். பிறகு இரவுவரை ஒன்றும் இல்லை. செல்போனில் கலோரி கணக்குப் போடும் செயலி நாளுக்கு 1,200 கலோரிதான் அனுமதிக்கிறது என்றாய்.

1944 நவம்பரில் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்ற உடலியல் அறிஞர் 36 இளைஞர்களை வைத்து ஒரு சோதனை தொடங்கினார். மனசாட்சியின் பேரில் போருக்குப் போக மறுத்தவர்கள் அவர்கள். போரால் பட்டினி கிடக்கும் மக்களை எப்படி மீட்பது என்று தெரிந்துகொள்ளத் தங்கள் உடம்பைக் கொடுத்தார்கள். உடம்பும் மனமும் உறுதியானவர்களாகப் பார்த்துத்தான் எடுத்தார்கள். கால்பந்து மைதானத்தின் அடியில் இருந்த அறைகளில் அவர்களைத் தங்கவைத்து, 24 வாரம் உருளைக்கிழங்கும் ரொட்டியும் மக்ரோனியுமாக நாளுக்குச் சராசரி 1,570 கலோரி கொடுத்தார்கள். உன் செல்போன் அனுமதிப்பதைவிட அது அதிகம், கவனித்தாயா?

உடல் எடையில் கால்வாசி போயிற்று. அது எதிர்பார்த்ததுதான். மனம் போன போக்குதான் யாரும் எதிர்பார்க்காதது. சமையலில் அக்கறையே இல்லாதவர்கள் சமையல் புத்தகங்களைச் சேர்த்துவைத்துப் படித்தார்கள். தட்டை நக்கினார்கள். சிலர் கட்டுப்பாட்டை மீறித் திருட்டுத்தனமாகத் தின்றுவிட்டுக் குற்ற உணர்வில் குமைந்தார்கள். சோதனை முடிந்து வேண்டிய மட்டும் சாப்பாடு கிடைத்த பிறகும், வயிறு முட்டச் சாப்பிட்டு எழுந்து, இன்னும் பசிக்கிறது என்றார்கள். அடங்குவதற்கு மாதக்கணக்கில் ஆனது. அத்தனை பேரையும் சாப்பாட்டு அடிமைகள் என்று சொல்லிவிடலாமா?

நான் வேலை பார்த்த சர்க்கரை நோய்ப் பிரிவிலும் இதைப் பார்த்திருக்கிறேன். "பகல் பூரா ஒரு வாய் சாப்பிடுவதில்லை சிஸ்டர், அப்படியும் சர்க்கரை இறங்கவில்லை" என்று அழாத குறையாகச் சொல்வார்கள். பின்னால் நிற்கும் மகளோ மருமகளோ கையை வாய்க்குக் கொண்டுபோய் ஜாடை காட்டுவார்கள்: ராத்திரி. நாள் முழுக்க மடையை அடைத்து வைத்துவிட்டு, இரவில் கண்மாய் உடைந்ததும் கரையைத் திட்டுகிறாய் நீ. முதலில் மடையைத் திற.

ஆகவே நீ செய்ய வேண்டியது குறைப்பது அல்ல, நேரத்துக்குச் சாப்பிடுவது. இந்த நோய்க்கான பேச்சு சிகிச்சையிலும் முதலில் பிடித்துக்கொள்ளும் இடம் அதுதான்: மூன்று வேளை, இடையில் இரண்டு சிறு தீனி, எதற்கும் நடுவில் நான்கு மணி நேரத்துக்கு மேல் இடைவெளி இல்லை. காலை 9 மணிக்கு இட்லியோ தோசையோ, முட்டையோடு. வேலைக்குக் கிளம்பும் முன் 1 மணிக்குச் சோறு, குழம்பு, பொரியல் என்று முழுச் சாப்பாடு. 5 மணிக்குச் சுண்டலோ கடலையோ, டீயோடு. 8 மணிக்கு அலுவலகத்திலேயே இரவுச் சாப்பாடு. அறைக்கு வந்ததும் ஒரு டம்ளர் பால், ஒரு வாழைப்பழம். பசித்தாலும் பசிக்காவிட்டாலும் மணி அடித்தால் சாப்பிடு. உன் வயிற்றின் பேச்சை இப்போதைக்கு நம்ப முடியாது, அது குழம்பிப் போயிருக்கிறது. எடை கூடிவிடும் என்று முதல் சில வாரம் பயமாக இருக்கும். இருக்கட்டும்.

ஒரு நோட்டில் எழுது. கலோரி வேண்டாம். எத்தனை மணிக்கு, எங்கே, என்ன, அதற்கு முன் மனம் எப்படி இருந்தது, அவ்வளவுதான். மேனேஜர் கத்திய நாளும், தூங்காத நாளும், யாரும் போன் பண்ணாத சனிக்கிழமையும் தானாகத் தெரியவரும். தூக்கம் குறைந்தால் பசியைத் தூண்டும் கிரெலின் ஏறுகிறது, போதும் என்று சொல்லும் லெப்டின் இறங்குகிறது. உன் ஷிப்டும் இதில் கூட்டாளிதான். ஆர்டர் போடத் தோன்றும்போது அரை மணி நேரம் தள்ளிப்போடு. குளி, மாடியில் நட, எனக்குப் போன் பண்ணு. எந்த நேரமானாலும் சரி. அந்த வேகம் உச்சிக்குப் போய்ப் பெரும்பாலும் தானாக இறங்கிவிடும். இறங்காமல் ஒரு நாள் சாப்பிட்டுவிட்டாய் என்றால், மறுநாள் காலை இட்லியை விடாதே. அதை விட்டாயானால் அடுத்த இரவுக்கு நீயே அடித்தளம் போடுகிறாய்.

பாக்கெட் பண்டங்களைப் பற்றியும் ஒன்று. 2019-இல் அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹால் குழுவினர் 20 பேரைத் தங்கவைத்து, இரண்டு வாரம் ஆலையில் தயாரான உணவும் இரண்டு வாரம் சாதாரணமாகச் சமைத்த உணவும் கொடுத்துப் பார்த்தார்கள். பரிமாறியதில் சர்க்கரை, கொழுப்பு, உப்பு எல்லாம் இரண்டிலும் சமம். ஆலை உணவு கொடுத்த நாட்களில் தினமும் ஏறக்குறைய 500 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டார்கள், வேகமாகவும் சாப்பிட்டார்கள். ஆகவே கொஞ்ச நாளைக்கு அறையில் சிப்ஸும் பிஸ்கட்டும் வாங்கி அடுக்காதே. காராச்சேவும் கடலைமிட்டாயும் அனுப்ப வேண்டாம் என்றாய், நானும் அனுப்பவில்லை. ஆனால் அவற்றைத் தீண்டக் கூடாத பொருளாக்கிவிடாதே. இங்கே வரும்போது திண்ணையில் என்னோடு உட்கார்ந்து சாப்பிடு.

உடம்பு இளைக்க நண்பன் போட்டுக்கொண்ட ஊசி பற்றிக் கேட்டாய். டாக்டர் பரிசோதித்து எழுதித் தந்தால் யோசிக்கலாம். நண்பன் சொன்னான் என்று மருந்துக் கடைக்குப் போகாதே. மனநல மருத்துவரையோ உளவியல் நிபுணரையோ பார்க்கத் தயக்கமாக இருந்தால் முதலில் 14416-க்குப் பேசு. 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் சேவை, இலவசம், தமிழிலும் பேசலாம்.

உன்னைச் சாப்பாட்டு ராமன் என்று கல்யாணப் பந்திகளில் சிரித்துக்கொண்டே இரண்டாம் தடவை பரிமாறியவர்கள்தான், கை கழுவும் இடத்தில் உன் தொப்பையைத் தட்டிப் பார்த்தவர்களும். பொங்கலுக்கு அவர்கள் யாராவது வாயைத் திறந்தால் நான் பார்த்துக்கொள்கிறேன். அதற்கு நீ பதில் சொல்ல வேண்டியதில்லை.

இந்தச் சனிக்கிழமை தைராய்டும், மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சியும் இரத்தத்தில் பார்த்து, ரிசல்ட்டை வாட்ஸ்அப்பில் அனுப்பு. இரண்டுக்கும் வெறும் வயிறு தேவையில்லை. சாப்பிட்டுவிட்டே போ.

அன்புடன்,
அம்மா