கண்ணாடியை மாற்றுவதற்கு முன் ஏன் இத்தனை கேள்வி?

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

நிறுத்திவைத்த காரின் கண்ணாடியை உடைத்து யாரோ பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள் என்று நம் கடைக்கு வருபவர்கள் பெரும்பாலும் சொல்வது ஒன்றுதான்: "அண்ணா, முதல்ல கண்ணாடியைப் போட்டு விடுங்க. மத்ததெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம்." நாங்களோ வண்டியில் கைவைக்காமல், "போட்டோ எடுத்தீங்களா? ஸ்டேஷன்ல சொல்லியாச்சுங்களா?" என்று கேட்டுக்கொண்டு நிற்கிறோம். இதில் சிலருக்கு எங்கள் மேல் வருத்தம். கோயம்புத்தூரில் இத்தனை கடை இருக்க, இங்கே வந்து விசாரணைக்கு நிற்க வேண்டுமா என்று ஒருவர் கேட்டேவிட்டார். நியாயமான கேள்விதான். அதற்குப் பதிலாகத்தான் இந்த மடல்.

கதவுக் கண்ணாடி, முன்பக்கக் கண்ணாடி மாதிரி விரிசலோடு நிற்காது. அது சூடேற்றி உறுதியாக்கிய கண்ணாடி. உடைந்தால் கற்கண்டு போலப் பொடிப்பொடியாக உதிர்ந்துவிடும். பாதி சீட்டில் விழும், மீதி கதவுக்குள்ளேயே இறங்கிவிடும். எனவே நாங்கள் கதவின் உள்பக்க மூடியான டோர் பேடைக் கழற்றி, அடியில் கிடப்பதை உறிஞ்சி எடுத்து, கண்ணாடி ஓர ரப்பரான பீடிங்கைத் துடைத்து, சீட் தண்டவாளம் வரை சுத்தம் செய்த பிறகுதான் புதுக் கண்ணாடியை இறக்குவோம். இந்த வேலையை அரைகுறையாக விட்டால் கதவைச் சாத்தும்போதெல்லாம் உள்ளே கலகலவென்று சத்தம் கேட்கும். முழுதாகச் செய்தாலோ, திருடன் தொட்ட இடமெல்லாம் துடைத்தாகிவிடும். கைரேகை ஏதாவது இருந்திருந்தால் அதுவும் நம் துணியோடு போய்விடும். ஒருமுறை துடைத்துவிட்டால் அதன் பிறகு செய்வதற்கு ஒன்றுமில்லை என்பதால்தான் முதலில் கேட்கிறோம்.

ஆகவே கார் நின்ற இடத்திலேயே, நம்பர் பிளேட்டும் உடைந்த கண்ணாடியும் சுற்றுப்புறமும் தெரிகிற மாதிரி நாலைந்து படம் எடுத்துவிடுங்கள். எதிர்க்கடையிலோ பக்கத்து வீட்டிலோ கேமரா இருக்கிறதா என்று பார்த்து, அன்றைக்கே கேளுங்கள். பல கேமராக்களில் பழைய பதிவின் மேல் புதியது ஏறிவிடும். அடுத்த வாரம் போய்க் கேட்டால் "அழிஞ்சு போச்சுங்க" என்பார்கள், அதுவும் உண்மையாகவே இருக்கும்.

அடுத்து போலீஸ். "கார் நின்ன இடம் எங்க எல்லையில வராது" என்று ஸ்டேஷனில் யாராவது சொன்னால் திரும்பி வந்துவிட வேண்டாம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173ஆவது பிரிவுப்படி, சம்பவம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் புகாரை வாங்கிப் பதிய வேண்டும். மின்னணு வழியாகவும் புகார் அனுப்பலாம். அப்படி அனுப்பினால் மூன்று நாளைக்குள் நேரில் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். எஃப்.ஐ.ஆர். நகலை இலவசமாகத் தர வேண்டும். முதலில், புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது கொடுத்தால் வாங்கிப் பத்திரமாக வையுங்கள். ஆனால் அதுவே எஃப்.ஐ.ஆர். ஆகிவிடாது. "சின்னத் திருட்டு, இதுக்குப் போய் எதுக்கு" என்று நினைக்கவும் வேண்டாம். ஆட்களையோ சரக்கையோ ஏற்றிச் செல்லும் வாகனத்திலிருந்து பொருளைத் திருடினால் ஏழு ஆண்டு வரை சிறை என்கிறது புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 305ஆவது பிரிவு.

இன்சூரன்ஸ் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கடையில் அதிகம் வாக்குவாதம் நடப்பது இதில்தான். மூன்றாம் நபர் பாலிசி மட்டும் இருந்தால் கண்ணாடிக்கும் வராது, திருடுபோன பொருளுக்கும் வராது. முழுப் பாலிசி இருந்தால் கண்ணாடிக்கு வரும்; கண்ணாடிக்குத் தேய்மானக் கழிவும் கிடையாது. ஆனால் கட்டாயக் கழிவு, அதாவது நாமே ஏற்க வேண்டிய தொகை, உண்டு: இன்ஜின் 1,500 சி.சி. வரை 1,000 ரூபாய், அதற்கு மேல் 2,000 ரூபாய். கண்ணாடியும் கூலியும் சேர்த்து 2,500 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். சிறிய காருக்குக் கையில் கிடைப்பது 1,500. அதை வாங்கிய கையோடு, கிளெய்ம் கேட்காமல் இருந்ததற்காகப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடியான நோ கிளெய்ம் போனஸ் அடுத்த புதுப்பிப்பில் போய்விடும். ஐந்து வருடம் கிளெய்ம் இல்லாமல் ஓட்டியவருக்கு அது சொந்தச் சேதப் பிரீமியத்தில் (நம் காரின் சேதத்துக்காகக் கட்டும் பகுதியில்) 50 சதவீதம். அந்தப் பிரீமியம் 8,000 என்றால் இழப்பு 4,000. கூட்டிக் கழித்துப் பார்த்துவிட்டு, "கைக்காசுல போட்டுக்குங்க" என்று நாங்களே சொல்வது இதனால்தான். போனஸைக் காக்கும் கூடுதல் பாதுகாப்பு எடுத்திருந்தால் கணக்கு வேறு.

காரினுள் இருந்த லேப்டாப், பை, துணிமணிக்கு வழக்கமான மோட்டார் பாலிசி பைசா தராது. தனிப்பட்ட உடைமைகளுக்கென்று கூடுதல் பாதுகாப்பு எடுத்திருக்க வேண்டும். எடுத்திருந்தாலும் ரொக்கமும் நகையும் பொதுவாக அதில் சேராது. முகூர்த்த நாளில் மண்டப வாசலில் நகைப்பையைக் காரில் விட்டுவிட்டுச் சாப்பிடப் போகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

பையில் என்ன போனது என்று நாங்கள் துருவுவதற்கும் காரணம் உண்டு. பணம் போனதை எல்லாரும் சொல்வார்கள், சாவியை மறந்துவிடுவார்கள். ஆர்.சி.யில் வீட்டு முகவரி இருக்கிறது. அதோடு வீட்டுச் சாவியும் போயிருந்தால் அன்று இரவே பூட்டை மாற்றுங்கள். கண்ணாடி மறுநாள் போட்டுக்கொள்ளலாம். ஏ.டி.எம். கார்டை முடக்குங்கள், காசோலைப் புத்தகம் போயிருந்தால் வங்கிக்குச் சொல்லுங்கள், செல்போனை மத்திய அரசின் சஞ்சார் சாத்தி இணையதளத்தில் முடக்கலாம். டிஜிலாக்கர், எம்பரிவாகன் செயலிகளில் இருக்கும் ஆர்.சி. சட்டப்படி செல்லும் என்பதால், அசலை டேஷ்போர்டில் வைத்துச் சுற்ற வேண்டியதே இல்லை.

"உள்ளே இருக்கறது தெரியாத மாதிரி கறுப்பு ஃபிலிம் ஒட்டித் தாங்க" என்று கேட்பவர்களுக்கும் சொல்லிவிடுகிறோம்: ஒட்ட மாட்டோம். 2012இல் உச்ச நீதிமன்றம் கறுப்பு ஃபிலிமுக்குத் தடை போட்டது. முன், பின் கண்ணாடி வழியே 70 சதவீத வெளிச்சமும், பக்கக் கண்ணாடி வழியே 50 சதவீதமும் உள்ளே வர வேண்டும் என்பது விதி. பையை டிக்கியில் வைப்பது அதைவிட மேல். அதுவும் கிளம்பும் இடத்திலேயே வைத்துவிட வேண்டும். ரேஸ்கோர்ஸில் நடக்க வந்து இறங்கி, நாலு பேர் பார்க்க டிக்கியைத் திறந்து பையை வைத்துப் பூட்டினால், அது எங்கே இருக்கிறது என்று நாமே காட்டிக்கொடுத்த மாதிரிதான்.

இன்னொன்று, கண்ணாடியே உடையாத திருட்டு. "சார், வண்டியில ஆயில் ஒழுகுது", "டயர் பங்க்ச்சர்", "உங்க பணம் கீழே கிடக்குது" என்று ஒருவர் கூப்பிட, நீங்கள் இறங்கிப் பார்க்கிற நேரத்தில் மறுபக்கக் கதவு வழியாகப் பை போய்விடும். வங்கியில் பணம் எடுத்துவிட்டு வரும்போது யார் கூப்பிட்டாலும் உடனே இறங்காதீர்கள். கொஞ்சம் தள்ளிப் போய், ஆள் நடமாட்டமுள்ள பெட்ரோல் பங்கில் நிறுத்திப் பார்த்துக்கொள்ளலாம்.

இந்த மாதம் முதல் வேலைக்கு வண்டியை விடும்போது உள்ளே இருக்கும் பொருட்களை உங்கள் முன்னாலேயே எடுத்து, ஒரு பையில் போட்டு, கையிலேயே கொடுத்துவிடுவோம். எடுக்க முடியாதவற்றை ஜாப் கார்டில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுவோம். பழைய வாடிக்கையாளர்களும் தயவுசெய்து தப்பாக நினைக்க வேண்டாம். எல்லாருக்கும் ஒரே முறைதான்.

புகார் கொடுக்க ஸ்டேஷன் போகும் வரை வண்டியை மழையில் விட வேண்டியதில்லை. கடைக்கு வந்தால் உடைந்த ஜன்னலை வெளிப்பக்கமாகப் பிளாஸ்டிக் தாள் போட்டு மூடித் தருகிறோம், காசு வேண்டாம். ஒன்று மட்டும்: பின்கதவின் ஓரத்தில் இருக்கும் சின்ன முக்கோணக் கண்ணாடி உடைந்திருந்தால், வருவதற்கு முன் காரின் மாடலையும் வருடத்தையும் போனில் சொல்லிவிடுங்கள். எல்லா வண்டிக்கும் அது கையிருப்பில் இருக்காது, வரவழைக்கத்தான் வேண்டும்.

அன்புடன்,
உங்கள் கார் கண்ணாடிக் கடையினர்
கோயம்புத்தூர்