கம்பி யார் கையில்?

ஆசிரியருக்கு,

தனியார் செய்திச் சேனல்கள் யார் பக்கம் சாய்கின்றன என்று ஊரெல்லாம் பேச்சு. கூடலூர் பக்கம் எஸ்டேட் தொழிலாளர்களின் லைன் வீடுகளில் கேள்வி வேறு: சேனல் வீடுவரை வருகிறதா?

2007-இல் தி.மு.க. ஆட்சி அரசு கேபிள் நிறுவனத்தைத் தொடங்கியது. பிறகு அது தூங்கியது. 2011-இல் அ.தி.மு.க. ஆட்சி மாதம் 70 ரூபாய்ச் சந்தாவில் அதை எழுப்பியது. மலிவுதான், மறுக்கவில்லை. ஆனால் தொடக்கத்தில் சன் குழுமத்தின் கட்டணச் சேனல்கள் அதில் கிடைக்கவில்லை. மாநில அரசுகள் ஒளிபரப்பிலும் கேபிள் விநியோகத்திலும் இறங்கக் கூடாது என்று 2008-இலும் 2012-இலும் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் பரிந்துரைத்தது. இருந்தும் 2017-இல் மத்திய அரசு இந்த நிறுவனத்துக்கு டிஜிட்டல் கேபிள் உரிமம் வழங்கிவிட்டது.

விளம்பரத்தால் வாழும் சேனலுக்குப் பார்க்கும் வீடுகள்தான் வருமானம். கேபிள் கம்பியைப் பிடித்திருக்கும் அரசை அது எப்படிப் பகைத்துக்கொள்ளும்? தலையங்கத்தில் வீரம் பேசுவது வேறு! டிஷ் வாங்கிக்கொள் என்பார்கள். ஆடி மழை வலுத்தால் இங்கே டிஷ்ஷில் படம் நின்றுவிடும். செய்தி மிகவும் தேவைப்படுவதும் மண் சரியும் அந்த நாட்களில்தான்.

எந்த ஆட்சியானாலும், அரசு கேபிளில் ஒரு சேனலை நீக்கினாலோ வரிசையில் பின்னுக்குத் தள்ளினாலோ, காரணத்தை எழுத்துப்பூர்வமாக முன்கூட்டியே அறிவிக்க வேண்டும்.

ஒரு வாசகர்,
கூடலூர், நீலகிரி