எங்கள் மொய் நோட்டில் பெயருள்ள எல்லோருக்கும்

அன்புள்ள சொந்தங்களுக்கும் ஊராருக்கும்,

வணக்கம். 2024 ஆடியில் நாங்கள் ஏழு வீட்டார் சேர்ந்து வைத்த மொய் விருந்துக்கு வந்து, சாப்பிட்டு, மொய் எழுதிவிட்டுப் போனீர்கள். அன்று வாசலில் நின்று கைகூப்பியதோடு சரி, யாரிடமும் இரண்டு வார்த்தை பேச முடியவில்லை. பந்தியைக் கவனிக்கவும் வந்தவர்களை உட்காரவைக்கவுமே பொழுது போய்விட்டது. நீங்கள் கொடுத்த பணம் என்ன ஆனது, எந்தக் கடன் எப்படி அடைந்தது என்று சொல்லாமல் இருப்பது ஓராண்டாக மனத்தை உறுத்துகிறது. அதற்காகத்தான் இந்த மடல்.

பேராவூரணி, கீரமங்கலம், வடகாடு பக்கத்து ஆட்களுக்கு மொய் விருந்தைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. மற்ற ஊர்க்காரர்களுக்காக ஒரு விளக்கம்: கல்யாணம், காதுகுத்து என்று எதுவும் இல்லாமல், பணத் தேவை உள்ள சில குடும்பங்கள் சேர்ந்து செலவைப் பங்கிட்டுக் கறி விருந்து வைப்பார்கள். வருகிறவர்கள் மொய் எழுதுவார்கள். நாம் முன்பு அவர்களுக்குச் செய்தது திரும்பி வந்தால் அது பழைய நடை. அதற்கு மேல் புதிதாகக் கொடுப்பது புது நடை. புது நடையை அவர்கள் வீட்டு விருந்தில் நாம் திருப்பிச் செய்தாக வேண்டும்.

எங்கள் கடன் கஜா புயலில் தொடங்கியது. 2018 நவம்பர் 16 விடியற்காலை அடித்த காற்று, மாமனார் கையால் வைத்து வளர்த்த இருநூறு தென்னையில் நூற்று எழுபதைச் சாய்த்துவிட்டது. விடிந்ததும் ஓடிப்போய்ப் பார்த்தேன். தோப்புக்குள் நின்றால் கீற்றுக்குக் கீற்று மறைக்கும் இடத்தில் வானம் தெரிந்தது. வீட்டுக் கூரையும் போயிருந்தது. அதற்குக்கூட எனக்கு அழுகை வரவில்லை, அந்த வானத்தைப் பார்த்துத்தான் அழுதேன்.

மரத்துக்கு 600 ரூபாயும், விழுந்ததை அப்புறப்படுத்த 500 ரூபாயுமாக அரசு நிவாரணம் கொடுத்தது. எங்களுக்கு 1,87,000 ரூபாய் வந்தது. மரம் அறுத்து, வேர்க்கட்டையைத் தோண்டி, மண்ணைச் சமப்படுத்தியதிலேயே பெரும்பகுதி தீர்ந்துபோனது. கூரை போட வேண்டும், மோட்டார் மாற்ற வேண்டும், கன்று வைக்க வேண்டும், மகளுக்கு நர்சிங் கல்லூரிக் கட்டணம் கட்ட வேண்டும். 2019 தையில் ஒருவரிடம் நான்கு லட்சம் வாங்கினோம், மூன்று வட்டிக்கு. நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய் என்று சொல்லும்போது சின்னத் தொகையாகத்தான் தெரிந்தது. மாதம் பன்னிரண்டாயிரம் என்று எடுத்துவைக்கும்போதுதான் அதன் கனம் தெரிந்தது. நெட்டை ரகக் கன்று காய்க்க ஐந்தாறு வருடம் ஆகும். வட்டிக்கு முதல் மாதமே தவணை.

ஐந்தாம் தேதி வந்தால் வாசலில் பைக் நிற்கும். வண்டியை அணைக்க மாட்டார்கள். நான் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வரும்வரை அது உறுமிக்கொண்டே இருக்கும். பக்கத்து வீட்டார் கேட்கட்டும் என்றுதான் அப்படிச் செய்தார்கள். என் வீட்டுக்காரர் கடைத்தெருப் பக்கம் போவதையே விட்டுவிட்டார். ரேஷன் கடைக்குப் போவதென்றாலும் வாய்க்கால் கரையைச் சுற்றிக்கொண்டு போவார். கடன்பட்டவனைக் கூச வைத்துவிட்டால் அவன் யாரிடமும் வாய் திறக்க மாட்டான். வட்டிக்கு விடுகிறவர்களுக்கு அதுதான் பெரிய பலம்.

முதல் நன்றி டீக்கடை அண்ணனுக்கு. ஆறு மாதமாகக் கடைப் பக்கம் வராத மனிதரைத் தேடிக்கொண்டு ஒரு மாலை வீட்டுக்கே வந்துவிட்டீர்கள். கையில் தூக்குவாளியில் டீ. பாக்கி கேட்க வந்தீர்களோ என்று நான் உள்ளே பதறினேன். நீங்கள் திண்ணையில் உட்கார்ந்து, "மாப்பிள்ளை, எவ்வளவு இருக்கிறது என்று மட்டும் சொல்லுங்கள்" என்றீர்கள். அதுவரை முழுத் தொகையை அவர் என்னிடம்கூடச் சொன்னதில்லை. அன்று இருட்டும்வரை பேசினார்.

மறுநாள் நீங்கள் அழைத்துவந்த ஓய்வுபெற்ற வாத்தியார் ஐயாவுக்கு அடுத்த நன்றி. என் மகளின் பழைய கணக்கு நோட்டு ஒன்றை வாங்கி, மாதம் மாதமாக நாங்கள் கட்டியதை எழுதவைத்தார். ஐம்பத்தொரு மாதம் கட்டியிருந்தோம், பதினாறு மாதம் நின்றிருந்தது. கட்டியது மட்டும் 6,12,000 ரூபாய். வாங்கியது நான்கு லட்சம், அதுவும் அப்படியே நிற்கிறது. அந்த எண்ணின் கீழே ஐயா இரண்டு கோடு போட்டார். யாரையும் ஏசவில்லை, எங்களையும் "ஏன் வாங்கினீர்கள்" என்று கேட்கவில்லை. அநியாய வட்டியைத் தடுக்க 2003-இலேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்துவிட்டது என்று எங்களுக்கு எடுத்துச் சொன்னவரும் அவர்தான். மொய் விருந்து வைக்கலாம் என்று அண்ணன் சொன்னபோது, "யார் வருவார்கள்" என்றார் என் வீட்டுக்காரர். "உன் அப்பா எத்தனை வீட்டில் எழுதியிருக்கிறார், அந்த நோட்டை எடு" என்றார் ஐயா.

விருந்தைப் பற்றி எழுத ஆரம்பித்தால் முடிக்க முடியாது. ஆடு கொடுத்துவிட்டு "விருந்து முடிந்து கொடுங்கள்" என்ற கறிக்கடைக்காரர், விடிய விடிய வெங்காயம் உரித்த தெருப் பெண்கள், பந்திக்குப் பந்தி இலை எடுத்த கல்லூரிப் பிள்ளைகள், எங்கள் மேசையில் காலையிலிருந்து நிமிராமல் மொய் எழுதிய இரண்டு தம்பிகள், எல்லோருக்கும் நன்றி. பெயர் சொன்னால் விட்டுப்போகும் என்று பயந்து சொல்லவில்லை.

ஆனால் ஒருவரைப் பற்றி எழுதாமல் இருக்க முடியவில்லை. மூன்று மணிக்குக் கூட்டம் குறைந்த பிறகு ஓர் அப்பத்தா தனியாக நடந்து வந்தார். சுருக்குப் பையை அவிழ்த்து, நான்காக மடித்த நூறு ரூபாய்த் தாளையும் ஒரு ரூபாய் நாணயத்தையும் மேசையில் வைத்தார். இறந்துபோன தன் வீட்டுக்காரர் பெயரில் எழுதச் சொன்னார். "பழைய நடையா, புது நடையா அப்பத்தா?" என்று தம்பி கேட்டான். "பழைய நடை. இவள் மாமனார் எங்கள் பெண் காதுகுத்துக்கு இருபத்தைந்து ரூபாய் எழுதினார். அது இன்னும் நிற்கிறது" என்றார். அன்றிரவு மாமனாரின் பழைய நோட்டைப் புரட்டினோம். ஓரம் செல்லரித்த பக்கத்தில், 1986-ஆம் வருடம், அந்தப் பெயர், இருபத்தைந்து ரூபாய். எழுதப் படிக்கத் தெரியாத அப்பத்தா அதை முப்பத்தெட்டு வருடம் நெஞ்சில் வைத்திருந்திருக்கிறார். அப்பத்தா, உங்கள் நூற்றொரு ரூபாயை நாங்கள் செலவழிக்கவில்லை. அந்தத் தாளும் நாணயமும் சாமி படத்துக்குப் பின்னால் இருக்கின்றன.

இனி கணக்கு. எங்கள் மேசையில் சேர்ந்த மொய் 7,18,400 ரூபாய். விருந்துச் செலவில் எங்கள் பங்கு 96,000. மீதி 6,22,400. மூன்றாம் நாள் ஐயாவும் அண்ணனும் உடன் வர, அசல் நான்கு லட்சத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தோம். நின்றுபோன பதினாறு மாத வட்டியையும் கடன் கொடுத்தவர் கேட்டார். ஐயா குரலை உயர்த்தவே இல்லை. கணக்கு நோட்டைத் திருப்பி அவர் முன்னால் வைத்து, இரண்டு கோடு போட்ட இடத்தில் விரலை வைத்தார். சட்டத்தின் பெயரை ஒரே ஒரு முறை சொன்னார். அரைமணி நேரம் கழித்துப் புரோநோட்டின் பின்பக்கத்தில் "முழுத் தொகையும் பெற்றுக்கொண்டேன்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள். நாங்கள் கையெழுத்திட்டுக் கொடுத்திருந்த இரண்டு வெற்றுக் காசோலைகளும் திரும்பி வந்தன. கிழித்துப் போடலாம் என்றேன் நான். "காசோலையைக் கிழி, புரோநோட்டைப் பத்திரமாக வை" என்றார் ஐயா. பீரோவில் இருக்கிறது.

வரும் வழியில் என் வீட்டுக்காரர் கடைத்தெருவில் வண்டியை நிறுத்தச் சொல்லி, ரோட்டைப் பார்த்த பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்தார். நான் எதிரே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்து என் தங்கையின் நகை. 2021-இல் வட்டி கட்ட முடியாமல் தவித்தபோது, தன் ஆரத்தைக் கழற்றிக் கொடுத்து வங்கியில் அடகு வைக்கச் சொன்னவள் அவள். மாமியார் கேட்கும்போதெல்லாம் லாக்கரில் இருக்கிறது என்று சமாளித்திருக்கிறாள். 1,35,000 கட்டி மீட்டோம். அவள் கழுத்தில் நானே போட்டுவிட்டேன். இருவரும் ஒன்றும் பேசவில்லை. மளிகைக் கடைக்கு 22,000, உரக்கடைக்கு 18,500. மிச்சம் 46,900. மகளின் கடைசி வருடக் கட்டணம் அதில் போனது. இப்போது அவள் தஞ்சாவூரில் வேலைக்குப் போகிறாள்.

மொய்யும் கடன்தான். வந்ததில் பழைய நடை 2,96,000 போக, 4,22,400 ரூபாய் உங்களுக்கு நாங்கள் செய்ய வேண்டியது. திருப்பிச் செய்ய முடியாமல் ஊருக்கு முன் தலைகுனிந்தவர்களையும் நான் பார்த்திருக்கிறேன், அந்தப் பயம் எனக்கும் உண்டு. ஆனால் உங்களில் ஒருவர்கூட எங்கள் வாசலில் வண்டியை உறுமவிடவில்லை. உங்கள் வீட்டு விருந்து வரும்வரை எங்களுக்கு அவகாசம் கொடுத்திருக்கிறீர்கள். அந்த அவகாசத்தில் 2019-இல் வைத்த கன்றுகள் பாளை விட்டுவிட்டன. போன மாதம் முதல் வெட்டு, நூற்று எண்பது காய். வியாபாரி எண்ணும்போது நானும் கூடவே எண்ணினேன்.

இந்த ஆடியில் கறிக்கடைக்காரர் வீட்டில் விருந்து. அவர் எங்களுக்கு எழுதியது ஐயாயிரம். அதோடு ஆயிரம் சேர்த்து மஞ்சள் துணியில் முடிந்து அரிசிப் பானையில் வைத்திருக்கிறேன்.

நன்றியுடன்,
உங்கள் வீட்டுப் பெண்