பயப்படாமல் என்ன செய்வாள்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்காவில் பிறந்த குழந்தைகளுக்குச் செய்யும் போதைப்பொருள் சோதனை பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையில், 'தவறு செய்யாத தாய் ஏன் பயப்பட வேண்டும்?' என்று ஒரு வரி. அதைப் படித்ததிலிருந்து எனக்கு மனசே ஆறவில்லை.

என் மகளும் ஒரு தவறும் செய்யவில்லை. ஆறு வருடம் முன்பு அவள் பிரசவத்துக்காக அங்கே போயிருந்தேன். வலி எடுப்பதற்கு முதல் நாள் ராத்திரி, வாய்க்கு ருசியாகக் கேட்டாளே என்று தேங்காயும் கசகசாவும் அரைத்துவிட்டுக் குருமா வைத்தேன். மறுநாள் ஆஸ்பத்திரியில் சிறுநீர் வாங்கினார்கள், எதற்கென்று சொல்லவில்லை. குழந்தை பிறந்த இரண்டாம் நாள், அவள் பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே, கழுத்தில் அடையாள அட்டையோடு ஒரு அம்மா வந்து, வீட்டில் யாருக்குப் போதைப் பழக்கம் என்று கேட்டார். பேரனின் முதல் மலத்தை டயப்பரிலிருந்து வழித்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். அதில் ஒன்றுமில்லை என்று பிறகு வந்தது. ஆனால் அதற்கப்புறம் வாசலில் பெல் அடித்தாலே என் மகள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உள்ளறைக்குப் போய்விடுவாள்.

கசகசா அபின் செடியின் விதை என்பது தாங்கள் அறியாததல்ல. வளைகுடா போகிறவர்கள் பெட்டியில் வைக்காதீர்கள் என்று தாங்களே எழுதியிருக்கிறீர்கள். அதைச் சாப்பிட்டாலே சிறுநீரில் அபினிலுள்ள மார்ஃபின் காட்டக்கூடும் என்பதால்தான், அமெரிக்காவில் அரசு வேலைக்கும் லாரி ஓட்டும் வேலைக்குமான சோதனையில் வரம்பை 1998-இல் மில்லிக்கு 300 நானோகிராமிலிருந்து 2000 ஆக உயர்த்தினார்கள். லாரி ஓட்டுபவருக்குக் கிடைத்த அந்த நியாயம் பல பிரசவ வார்டுகளுக்கு வந்து சேரவில்லை. அங்கே தென் கரோலினா மாநிலத்துச் சார்ல்ஸ்டன் நகரில் கர்ப்பிணிகளைச் சம்மதமின்றிச் சோதித்துப் போலீஸில் பிடித்துக் கொடுத்தார்கள். கைதானவர்கள் அநேகமாக எல்லோருமே கறுப்பினப் பெண்கள். அப்படிச் சோதிப்பது அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று 2001-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது. கட்டுரையில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

தாயின் பழக்கத்தால் கை கால் நடுங்கி, பால் குடிக்க முடியாமல் கத்தும் குழந்தைக்கு வைத்தியம் வேண்டும்தான். தாயிடம் சொல்லிவிட்டுச் செய்யட்டும். இரண்டாவது சோதனையில் உறுதியான பிறகு குழந்தை நல அதிகாரியைக் கூப்பிடட்டும்.

நான்கு வருடம் முன்பு தங்கள் சமையல் பகுதியில் கர்ப்பிணிகளுக்கென்று கசகசா பாயசம் போட்டபோதே இதையெல்லாம் எழுதினேன். பாயசத்தைப் பாராட்டிய இரண்டு வரியை மட்டும் வெளியிட்டு மிச்சத்தை வெட்டிவிட்டீர்கள். முப்பது வருட வாசகிக்கு அது எவ்வளவு வலித்தது என்று சொல்லத் தெரியவில்லை.

அங்கே பிரசவத்துக்குக் காத்திருக்கும் பெண்கள் கடைசி மாதத்தில் கசகசா சேர்க்க வேண்டாம் என்று அடுத்த இதழில் கட்டம் கட்டிப் போடுங்கள். அது போதும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, திருச்சி