ஐந்து வாட்டை இளக்காரமாக எண்ண வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில் எலெக்ட்ரிக் கிட்டார் வாங்க நினைப்பவர்களுக்கு யோசனைகள் சொல்லியிருந்தீர்கள். இரண்டு வரிகளைத் தவிர மற்றதெல்லாம் உருப்படியான கட்டுரைதான். செமி ஹாலோ கிட்டார் (நடுவில் கட்டையும் இரு பக்கமும் கூடுமாக இருப்பது) ஒலியைக் கூட்டினால் ஊளையிடும் என்றும், ஐந்து வாட் வால்வு (பழைய வானொலியில் இருக்கும் கண்ணாடிக் குழாய்) ஆம்ப்ளிபயர் பழகுகிறவர்களுக்கான விளையாட்டுச் சாமான் என்றும் கட்டுரையாளர் எழுதியிருந்தார். முப்பத்தைந்து ஆண்டுகள் வானொலிப் பெட்டி பழுது பார்த்துப் பிழைத்தவன் நான். மாலை நேரத்துக்கென்று என்னிடம் இருப்பவை ஒரு செமி ஹாலோ கிட்டாரும், அதற்கு எதிரே ஸ்டூலில் உட்கார்ந்திருக்கும் ஓர் ஐந்து வாட் ஆம்ப்ளிபயரும்தான். இரண்டையும் ஒரே பத்தியில் தள்ளிவிட்டாரே என்று கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி படித்தேன். அப்படியேதான் இருந்தது.

முதலில் வாட் கணக்கு. ஐம்பது வாட் என்றால் ஐந்து வாட்டைப் போலப் பத்து மடங்கு சத்தம் என்று பலரும் நம்புகிறார்கள். ஒரே ஸ்பீக்கரில் இரண்டையும் மாட்டினால் வித்தியாசம் 10 டெசிபெல். காதுக்கு அது ஏறக்குறைய இரண்டு மடங்காகத்தான் படும். ஸ்பீக்கரின் திறன் 3 டெசிபெல் கூடியிருந்தால் வாட்டை இரட்டித்ததற்குச் சமம். ஆனால் வாங்கப் போகிறவர்கள் வாட்டைக் கேட்கிறார்களே தவிர, ஸ்பீக்கரைப் பற்றி ஒரு வார்த்தை கேட்பதில்லை.

ஐம்பதுகளின் பிற்பாதியில் வந்த ஃபெண்டர் சாம்ப் ஆம்ப்ளிபயரை எடுத்துக்கொள்ளுங்கள். முன்னால் ஒரு 12ஏஎக்ஸ்7 வால்வு, பின்னால் ஒரு 6வி6, மின்சாரத்தை நேராக்க இன்னொன்று, எட்டு அங்குல ஸ்பீக்கர், ஒலியைக் கூட்டிக் குறைக்க ஒரே ஒரு திருகு. அவ்வளவுதான் பெட்டி. பழைய வானொலியின் முதுகைத் திறந்து பார்த்தவனுக்கு அதில் புதிர் ஏதும் கிடையாது. அந்தத் திருகை முக்கால்வாசிக்கு ஏற்றும்போது கடைசி வால்வு தன் எல்லையை முட்டுகிறது. ஒலி அலையின் உச்சி மழுங்குகிறது. கம்பியை ஓங்கி அடித்தால் சத்தம் கொஞ்சம்தான் ஏறும், ஆனால் குரல் தடிக்கும். மெல்லத் தொட்டால் மறுபடி தெளியும். ஐம்பது வாட் பெட்டியிலும் இது நடக்கும். ஆனால் அந்த இடத்தைத் தொடுவதற்குள் வீட்டில் இருப்பவர்கள் வெளியேறியிருப்பார்கள்.

ஐந்து வாட் என்றால் கிசுகிசுப்பு என்றும் யாரும் நினைக்க வேண்டாம். மூடிய அறையில் அது காதை அடைக்கும். என் மனைவி அடுத்த அறையில் தொலைக்காட்சியின் ஒலியைக் கூட்டும்போது நான் என்னுடையதைக் குறைத்துக்கொள்வேன். இதைவிட நம்பகமான அளவுகோல் எனக்குக் கிடைத்ததில்லை.

இந்தச் சின்னப் பெட்டிக்கு செமி ஹாலோ கிட்டார் ஏன் பொருந்துகிறது? ஒற்றை வால்வு வெளியீட்டில், சோடியாக வேலை செய்யும் வால்வுகளைப் போல மின் இரைச்சல் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடாது. கொஞ்சம் உறுமல் எப்போதும் அடியில் இருக்கும். அதன்மேல், கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப் ஒற்றைச் சுருளாக இருந்தால், அது தன் பங்குக்கு இன்னும் கொஞ்சம் சேர்க்கும். செமி ஹாலோ கிட்டார்களில் பெரும்பாலும் இருக்கும் ஹம்பக்கர் என்ற பிக்கப், இரண்டு சுருள்களை எதிரெதிராக இணைத்து வெளியிலிருந்து வரும் இரைச்சலை வெட்டிவிடுகிறது. ஆகவே நான் கை எடுத்தால் அறை அமைதியாக இருக்கிறது. இரண்டாவது காரணத்தை அளந்து காட்ட முடியாது. பக்கங்களில் உள்ள கூடு ஒவ்வொரு சுரத்தின் தொடக்கத்திலும் ஒரு காற்றோட்டத்தைச் சேர்க்கிறது. ஆம்ப்ளிபயர் லேசாகக் கரகரக்கும்போது அந்தக் காற்று உள்ளேயிருந்து எட்டிப் பார்க்கும். கட்டை உடம்புக் கிட்டாரில் எனக்கு இது கேட்டதில்லை.

பொருத்தத்தில் தொல்லையும் உண்டு. கழுத்துப் பக்கத்துப் பிக்கப்பை முழுதாகத் திறந்தால் எட்டு அங்குல ஸ்பீக்கர் தடித்த கம்பியின் சத்தத்தைத் தாங்காமல் கொளகொளவென்று குழறும். ஆம்ப்ளிபயரில் அடித்தொனியைக் குறைக்கத் திருகே கிடையாது. கிட்டாரில்தான் நான்கு திருகுகள் இருக்கின்றனவே! இரண்டு பிக்கப்பையும் சேர்த்து வைத்துக் கழுத்துப் பக்கத்து வால்யூமை ஆறுக்கு இறக்குகிறேன், பாலத்துப் பக்கத்து (கீழே கம்பிகளைத் தாங்கும் இடம்தான் பாலம்) வால்யூமைப் பத்திலேயே விடுகிறேன். குழறல் போய்விடுகிறது. ஆனால் ஒன்றை முழுக்கச் சுழியத்துக்கு இறக்கினால் இரண்டுமே ஊமையாகிவிடும். வழக்கமான இணைப்பு அப்படித்தான். புதிதாக வாங்கியவர் கிட்டார் கெட்டுவிட்டதென்று திருப்பித் தரக் கிளம்பிவிடக் கூடாது. திருகை இறக்கும்போது தெளிவும் மங்கினால் கேபிளைப் பாருங்கள். நீளம் கூடக்கூட அது மேல்தொனிகளை விழுங்கும். பெட்டிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து வாசிப்பவனுக்கு ஆறு மீட்டர் கேபிள் எதற்கு? எனக்கு மூன்று மீட்டரே மிச்சம்.

செமி ஹாலோ கிட்டாரின் உண்மையான குறை வேறு. கட்டுரையாளர் அதைச் சொல்லவே இல்லை. என் கிட்டாரின் வால்யூம் திருகு ஒருநாள் கரகரத்தது. சுத்தம் செய்யலாமென்று மேலே இருந்த நட்டைக் கழற்றினேன். திருகு ஒயரோடு கூட்டுக்குள் விழுந்துவிட்டது. பின்பக்கம் திறக்க மூடி இல்லை. எஃப் வடிவத் துளை ஒன்றே வழி. வானொலியில் முள்ளை நகர்த்தும் டயல் நூலில் கொஞ்சம் மிச்சமிருந்தது. அதைத் திருகுக்கான ஓட்டை வழியே உள்ளே விட்டு, கிட்டாரைத் தொட்டில்போல ஆட்டி, நுனியை எஃப் துளை வழியே வெளியே எடுத்தேன். திருகையும் அந்தத் துளை வழியாகவே வெளியே இழுத்துச் சுத்தம் செய்தேன். அதன் தண்டில் நூலை முடிந்து, மறுமுனையை மேலிருந்து மெல்ல இழுத்து, தண்டு ஓட்டையில் தலைகாட்டியதும் நட்டை மாட்டினேன். ஒரு மாலை முழுதும் போயிற்று. முப்பத்தைந்து வருட அனுபவம் இருந்தும், நட்டைத் தொடுமுன் நூலைக் கட்ட எனக்குத் தோன்றவில்லை.

ஊளைக்கு வருகிறேன். கிப்சன் நிறுவனம் 1958-ல் ஈஎஸ்-335 கிட்டாரைக் கொண்டுவந்தபோது உடம்பின் நடுவே, மேலிருந்து கீழ்வரை ஒரு மேப்பிள் கட்டையை வைத்தது. கிட்டார் கலைஞர் லெஸ் பால் அதற்கு முன்பே, 1940 வாக்கில், ஒரு பைன் கட்டையின் இரு பக்கமும் கிட்டார் கூட்டை ஒட்டி வாசித்தவர். ஸ்பீக்கர் சத்தம் மேல்பலகையை ஆட்டி, அது மறுபடி பிக்கப்புக்குள் புகுந்து வட்டமிடுவதைத்தான் ஊளை என்கிறோம். நடுக்கட்டை பெருமளவுக்கு அதைத் தடுக்கிறது. பெரிய மேடைகளில் அதுவும் போதாமல் ப்ளூஸ் கலைஞர் பி.பி. கிங் எஃப் துளைகளில் துணியை அடைத்து வாசித்தார். 1980-ல் அவர் பெயரோடு வந்த லூசில் கிட்டாரில் துளைகளே இல்லை. நியாயத்துக்காக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: அவர் நெடுங்காலம் வாசித்தது வால்வே இல்லாத டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிபயரில்.

ஐந்து வாட்டில் ஊளைக்கு அஞ்ச வேண்டியதில்லை. பெட்டியை நேராகப் பார்த்து உட்காராமல் பக்கவாட்டில் திரும்பிக்கொண்டால் போதும். நானோ சில இரவுகளில் வேண்டுமென்றே பக்கத்தில் போகிறேன். மூன்றாம் கம்பியில் ஏழாம் கட்டத்தை அழுத்தி மார்போடு அணைத்துப் பிடித்தால், விரலை எடுக்கும்வரை அந்தச் சுரம் தானாகப் பாடிக்கொண்டிருக்கும்.

ஓர் எச்சரிக்கை. ஆம்ப்ளிபயரின் பின்பக்கத்தைத் திறந்து தூசி தட்டலாம் என்று எழுதியிருந்தீர்கள். வெளியே தெரியும் வால்வுகளைத் துடைப்பதோடு நிறுத்திக்கொள்ளச் சொல்லுங்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே இருக்கும் மின்தேக்கிகளில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கக்கூடும். ஸ்பீக்கர் ஒயரைக் கழற்றிவிட்டு ஆம்ப்ளிபயரை ஓட்டவும் கூடாது. வெளியீட்டு டிரான்ஸ்ஃபார்மர் எரிந்துபோகலாம்.

கடைசியாகப் படம். 'செமி ஹாலோ கிட்டார்' என்று அடியில் அச்சிட்டிருந்தீர்கள். படத்தில் இருப்பதன் உடம்பு மூன்று அங்குலத்துக்கு மேல் கனம். பாலம் மரத்தால் ஆனது, கம்பிகளின் அழுத்தத்தில் மட்டும் நிற்கிறது. அது முழுக்கக் கூடான கிட்டார். செமி ஹாலோ பெரும்பாலும் இரண்டு அங்குலத்தைத் தாண்டாது. எஃப் துளை வழியே டார்ச் அடித்தால் உள்ளே நடுக்கட்டையின் சுவர் தெரியும். ஊளையிடும் என்று கட்டுரையாளர் எழுதியது படத்தில் உள்ள கிட்டாரைப் பற்றி என்றால் அவரோடு எனக்குச் சண்டை இல்லை. படத்தை மட்டும் மாற்றிப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வானொலி மெக்கானிக் ஒருவர்